மோப்பம் முகர்ந்து பார்த்த யானை

ஜொகூர் சீமையில் மூக்கால் சதுரங்கம் ஆடிய மனிதர் ஒருவர்தான். அவருக்கு முன்னும் இல்லை. பின்னும் இல்லை. அவர் எங்கள் சமையல்காரர். மோப்பம் என்போம்.

அப்பா அம்மா வைத்த பெயர் வேறு ஏதோ இருந்திருக்கும். நாங்கள் கேட்டதில்லை. நாகப்பட்டணத்துக்காரர். கப்பலில் அடுப்படி வேலை பார்த்தவர். மலாயாவின் மூவார் துறையில் இறங்கினார். அப்படியே நின்றுவிட்டார். ஏன் என்று கேட்டால், "ஆத்து வாசனை புடிச்சிருந்துச்சு" என்பார். அவ்வளவுதான் காரணம்.

நாங்கள் ஆறு பேர். மூவாருக்கு வெளியே ரோடு போடும் வேலை. கல்லை அமுக்கும் நீராவி இஞ்சின் நான் ஓட்டினேன். நாலு பேர் கல்லும் தாரும் பார்த்தார்கள். ஆறாவது ஆள் யாழ்ப்பாணத்துக் கிராணியார். கணக்கு எழுதுகிறவர். ஆற்றோரம் ஒரு பலகை வீடு, அத்தாப்பு ஓலைக் கூரை. அதற்கு மெஸ் என்று பெயர். மோப்பம் இருந்ததால் அது மெஸ். இல்லாவிட்டால் வெறும் பலகைதான்.

எதையும் மோந்து பார்க்காமல் அவர் ஒரு முடிவுக்கு வரமாட்டார். சந்தையில் மீன் விற்கும் சீனர் அவரைத் தூரத்தில் கண்டதுமே, "ஹீடோங் டாத்தாங்!" என்று கூவுவார். மலாயில் மூக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே நேற்றைய மீனெல்லாம் பலகைக்கு அடியில் போய்விடும்.

கிராணியாருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தால் மோப்பம்தான் முதலில் வாங்குவார். உறையை மூக்கில் வைப்பார்.

"வீட்டுல யாருக்கோ நெஞ்சுச் சளி. தைலம் மணக்குது."

பிரித்தால் அப்படியே இருக்கும். கிராணியாருக்குக் கோபம் வரும்.

"நான் வாசிக்க முன்னம் நீர் மணந்து முடிச்சிட்டீர். பிறகு எனக்கு என்னத்துக்குக் கடிதம்?"

ஒரு தடவை மோப்பத்துக்குக் காய்ச்சல் வந்தது. நாங்களே சமைத்தோம். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வந்து ஏதாவது தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டார். ரசம் என்றோம். "அலமாக்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு போனார். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான் மோப்பத்தின் அருமை எங்களுக்குத் தெரிந்தது.

அப்படிப்பட்ட ஆளைத்தான் காரைக்கால் பாய் கேட்டார்.

படகுத்துறைக்கு எதிரே பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பெரிய கடை. நல்ல கூட்டம். வேலை ஓய்ந்ததும் பளிங்கு மேசையில் சதுரங்கப் பலகையை விரிப்பார். அத்தர் பூசிய கை. மெதுவாக எடுப்பார், மெதுவாக வைப்பார். மூவாரில் அவரை வென்றவர் இல்லை. இங்கிலீசுப் புத்தகம் வைத்து ஆடும் எங்கள் கிராணியாரே மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிறு பாய் கிராணியாரோடு ஆட மெஸ்ஸுக்கு வந்தார். ஜெயித்தார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார். அன்று மீன் குழம்பு. ஒரு வாய் வைத்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் வாசலில் நின்றார்.

"நாகப்பட்டணத்தாரே, நம்ம கடைக்கு வந்துடுங்களேன்."

"ஆறு பேரு பட்டினி கெடப்பாங்க பாய்."

"ஆறு பேருக்கு வேற ஆள் கெடைக்கும்."

"கெடைக்கும். சோறு கெடைக்காது."

பாய் விடவில்லை. வாராவாரம் வந்தார். ஒரு நாள் சதுரங்கப் பெட்டியும் கையில் இருந்தது. கிராணியாரைத் தேடி வந்திருந்தார். அவர் இல்லை. மோப்பம் பெட்டியைத் திறந்தார். காய்களை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தார்.

"என்னா மோந்து பாக்குறீங்க? அல்வாவா?" என்றார் பாய்.

மோப்பம் ஒரு கறுப்புக் காயைத் தனியாகப் பிடித்தார்.

"பாய், எல்லாத்துலயும் அத்தர் மணக்குது. இது மட்டும் வெறும் மரமா இருக்கே. ஏன்?"

"அது யானை. வச்சுட்டு வாங்க."

"யானைக்கு அத்தர் ஆகாதா?"

பாய் சிரித்தார். பிறகு யோசித்தார்.

"அவ்வளவு ஆசையா இருந்தா ஒரு ஆட்டம் ஆடிப் பாப்போமா? நான் ஜெயிச்சா நீங்க என் கடைக்கு வரணும்."

"நான் ஜெயிச்சா?"

"இனி வாய் தொறந்து கேக்க மாட்டேன்."

"சரி பாய்."

பாய் போனதும் கேட்டேன்.

"அண்ணே, ஒங்களுக்கு ஆடவே தெரியாதே!"

"தெரிஞ்சுக்கத்தானே சரின்னேன்" என்றார்.

நோன்பு மாதம் பிறக்கும் நேரம். பெருநாள் முடிந்த மறுநாள் ஆட்டம் என்று பேச்சு. அதுவரை தவணை. அதற்குள் ஒன்றும் தெரியாத மனிதர் மூவாரை வென்ற மனிதரை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் எங்களுக்குத் திரும்பவும் அந்த ரசம்தான்.

கிராணியார் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். மெஸ்ஸில் காய்கள் இல்லை. தார்க்குச்சியால் பலகையில் நான் கட்டம் போட்டேன். காய்களுக்கு மோப்பம் அடுப்படியிலிருந்து சாமான் கொண்டுவந்தார். பூண்டுப் பல் சிப்பாய். காய்ந்த மிளகாய் குதிரை. இஞ்சித் துண்டு யானை. பட்டை தேர். புளி உருண்டை மந்திரி. மஞ்சள் கிழங்கு ராஜா. கிராணியார் பக்கத்துக் காய்களில் கரி தடவிக்கொண்டோம். மூலையில் நிற்பதைத் தேர் என்றும் சாய்ந்து ஓடுவதை யானை என்றும்தான் எங்கள் பக்கம் சொல்வார்கள். மலாய்க்காரரும் அப்படியே.

ஒரு சங்கடம் இருந்தது. ஆட்டம் நீண்டால் சமையல் நேரம் வந்துவிடும். காய்கள் அப்படியே சட்டிக்குள் போகும். ஒரு நாள் ரசத்தில் மந்திரி கரைந்தார். கரி தடவிய மந்திரி.

கிராணியார் பாய் மாதிரியே ஆடிக் காட்டினார்.

"பாய் எப்பவும் ஒரே மாதிரித்தான். வெள்ளையை எதிராளிக்குக் குடுப்பார். நீர் ராஜாவுக்கு முன்னால நிக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளுவீர். அவர் தன்ரை சிப்பாயை ஒரு கட்டந்தான் தள்ளுவார். பிறகு பக்கத்துச் சிப்பாயைக் கொண்டந்து உம்மட சிப்பாயை இடிப்பார். புத்தகத்தில இதுக்குப் பேர் பிரெஞ்சு டிபென்ஸ். பிரெஞ்சுக்காரன் காவல்."

மோப்பம் தொடையில் தட்டினார்.

"அதானே! காரைக்கால் பிரெஞ்சுக்காரன் ஊரு. அங்க பொறந்தவருக்கு ரத்தத்துலயே ஊறியிருக்கும்."

"ஐயோ, அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"பேருலயே இருக்கே!"

"பேரில இருந்தா? காப்பிரி மிளகாய் எண்டு சொல்லுறம். அது ஆபிரிக்காக் காப்பிரி வந்து நட்டதே?"

"அது எனக்குத் தெரியாது. நட்டாலும் நட்டிருப்பான்."

கிராணியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தக் காவலுக்கு எதிராகப் புத்தகத்தில் மூன்று வழி இருந்தது. முட்டாமல் சிப்பாயை இன்னும் முன்னே தள்ளிவிடுவது ஒன்று. குதிரையைக் கொண்டுவந்து அதற்குக் காவல் வைப்பது ஒன்று. சிப்பாய்க்குச் சிப்பாய் வெட்டி மாற்றிக்கொள்வது ஒன்று.

"இதுல எது நல்லது?" என்றார் மோப்பம்.

"புத்தகம் மூண்டும் நல்லதெண்டு சொல்லுது."

"மூணும் நல்லதுன்னு சொல்றவன் சமைச்சுப் பாத்திருக்க மாட்டான்."

மூன்றையும் சமைத்துப் பார்த்தார். முதலில் தள்ளிப் பார்த்தார். பூண்டுப் பல் கம்பீரமாக எதிரிப் பக்கம் போய் நின்றது. மோப்பம் பூரித்துப்போனார். கிராணியார் முன்னால் நிற்பவனைத் தொடவே இல்லை. அவனைத் தாங்கி நின்றவனைப் பக்கவாட்டில் வந்து அரித்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரிந்தது. "முன்னால நிக்கிறவன விட்டுட்டு அடுப்புக்கல்லப் புடுங்குறீங்களே!" என்றார் மோப்பம். பிறகு குதிரையைக் கொண்டுவந்தார். அதில் கிளை வழிகள் ஏராளம். இப்படி வந்தால் அப்படி, அப்படி வந்தால் இப்படி என்று கிராணியார் இரண்டு நாள் சொன்னார். "இது விருந்துச் சாப்பாடு. எனக்கு மசாலா நெனவுல நிக்காது" என்று விட்டுவிட்டார்.

மாற்றிக்கொள்வதை ஆடியே பார்க்கவில்லை. கிராணியாரே தடுத்தார்.

"அது சப்பெண்டு இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஆடத் தெரிஞ்சவை தொடமாட்டினம்."

மோப்பத்துக்கு நிம்மதி இல்லை. எது என்று மூக்குக்குப் படவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சினு, வா. பிரெஞ்சுக்காரன் காவல ஒடைக்க பிரெஞ்சுக்காரனத்தான் கேக்கணும்."

மாதம் ஒரு முறை மூவாருக்கு ஒரு வெள்ளைக்காரச் சாமியார் வருவார். பிரெஞ்சு தேசத்தவர். பாண்டிச்சேரியில் தமிழ் படித்தவர். ஐரோப்பாவில் நடந்த பெரிய சண்டையில் காயம்பட்டவர்களைத் தூக்கும் வேலை பார்த்தவர் என்று சொல்வார்கள். மோப்பம் கும்பிடுகிற சாமி வேறு. அதை அவர் பொருட்படுத்தவில்லை. ஒரு கூடை இறாலோடு போனார். நானும் போனேன்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேள், மகனே."

"பிரெஞ்சுக்காரன் காவலை எப்பிடி ஒடைக்கிறது?"

சாமியார் முகம் மாறியது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உடைக்க முடியாது" என்றார். "நானும் அங்கே இருந்தேன். முன்னே தள்ளிக்கொண்டு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை."

மோப்பம் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். தள்ளக் கூடாது.

"குதிரை, சாமி?"

"குதிரைகள் பாவம். சேற்றிலே புதைந்துபோயின."

அதுவும் போயிற்று.

"அப்ப என்னதான் பண்றது?"

"ஒரே ஒரு நாள் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டோம். அவர்கள் காயம்பட்டவரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எங்களவரை நாங்கள். மாற்றிக்கொண்டோம். அன்றைக்கு ஒருவரும் சுடவில்லை. அன்றைக்கு மாத்திரம் சூப் சூடாக இருந்தது."

"சூப் சூடா இருந்துச்சா!" என்று மோப்பம் எழுந்தே விட்டார்.

சாமியாருக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

"உனக்கு யாரோடு சண்டை?"

"காரைக்கால் பாயோட, சாமி."

"எதற்காக?"

"என் மீன் கொழம்புக்கு."

சாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிலுவை போட்டு ஆசீர்வாதம் செய்தார். இறாலை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பலகையை விரித்தார் மோப்பம். சிப்பாய்க்குச் சிப்பாய் மாற்றினார். பலகையைக் குனிந்து பார்த்தார். கரி தடவிய இஞ்சித் துண்டு ஒன்றைத் தொட்டார்.

"கிராணியாரே, இந்த யானை முன்னாடி வெளிய வரவே இல்லையே. இப்ப வழி தெறந்திருக்கே?"

"ஓம். அவர் ஒரு கட்டம் தள்ளுற சிப்பாய்தான் அந்த யானைக்கு வாசலை அடைச்சுக்கொண்டு நிக்கிறது. பிரெஞ்சுக் காவலில அந்த யானை கடைசி வரைக்கும் கொட்டிலுக்குள்ளதான். நீர் மாத்தினா வாசல் திறபடும்."

"அதான் மணக்கல!" என்று கத்தினார் மோப்பம். "பாய் அதத் தொட்டதே இல்ல. அத்தனை வருசமா ஆடுறாரு, அந்த யானையத் தொட்டதே இல்ல!"

கிராணியார் அந்த இஞ்சித் துண்டைக் கையில் எடுத்தார்.

"சரி. ஆனா நீர் அவருக்கெல்லோ உதவி செய்யிறீர்? அடைபட்ட யானையை நீரே அவிட்டு விடுறீர்."

"வாழ்நாள் பூரா கட்டிப்போட்ட யானைய அவுத்துவிட்டா யாருக்கு ஆபத்து? எதிர்ல நிக்கிறவனுக்கா, பாகனுக்கா?"

"சப்பெண்டு இருக்கும், பார்த்துக்கொள்ளும்."

"சப்புன்னு இருந்தா நோயாளிகூட சாப்புடலாம். எனக்கு அதான் வேணும்."

அதன் பிறகு வேறு வழியைத் தொடவில்லை. நோன்பு முடியும் வரை அது ஒன்றையே ஆடினார். மாற்றிக்கொள். காயை வெளியே எடு. ராஜாவை ஓரமாக ஒளித்து வை. கேட்டால் கொடு, கொடுத்தால் வாங்கு. புதிதாக ஆடுகிறவன் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இறக்கி வைக்கக்கூடிய சட்டி அதுதான் என்றார்.

பெருநாள் முடிந்த மறுநாள் கடை நிறைய ஆள். எல்லாரும் புதுச்சட்டை. நாங்கள் ஆறு பேரும் சுவரோரம் நின்றோம். எனக்குப் பயமாக இருந்தது. இஞ்சின் வால்வு அடைத்துக்கொண்ட அன்றுகூட அப்படி இல்லை.

"விருந்தாளிக்கு வெள்ளை" என்றார் பாய்.

மோப்பம் சிப்பாயை எடுத்தார். மோந்தார். இரண்டு கட்டம் தள்ளினார். பாய் ஒரு கட்டம். மோப்பம் பக்கத்துச் சிப்பாயைத் தள்ளினார். பாய் இடித்தார். மோப்பம் வெட்டினார். பாய் வெட்டினார். அவ்வளவுதான். வாசல் திறந்துவிட்டது.

பாய் கை நின்றது. அந்த யானையைப் பார்த்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற சம்பந்தியைப் பார்ப்பது போலப் பார்த்தார். என்ன செய்வது, எங்கே உட்கார வைப்பது என்று தெரியவில்லை. ஒரு கட்டத்தில் வைத்தார். அடுத்த முறை திருப்பி உள்ளே வைத்தார். மறுபடி வெளியே எடுத்தார்.

"பாய், யானைக்கு மதம் புடிச்சிருச்சா லா?" என்றார் ஒரு படகுக்காரர்.

"சும்மா இருங்கடா. நடக்க விட்டுப் பாக்குறேன்."

"நடக்குது, நடக்குது. கடைத்தெருவுக்கே போய்ட்டு வந்துருச்சு."

மோப்பம் எதையும் காதில் வாங்கவில்லை. காய்க்குக் காய் நீட்டினார். பாயும் மாற்றிக்கொண்டே போனார். குதிரைக்குக் குதிரை. தேருக்குத் தேர். மந்திரிக்கு மந்திரி. அந்த யானையும் கடைசியில் மோப்பத்தின் யானையோடு மாறிப் போனது. வெளியே போகும் முன் மோப்பம் அதை எடுத்து மோந்து பார்த்தார்.

"இப்ப மணக்குது பாய்" என்றார்.

கடைசியில் பலகையில் இரண்டு ராஜா. ஆளுக்கு மூன்று சிப்பாய், முட்டிக்கொண்டு நின்றார்கள். நகர வழியில்லை. இரண்டு ராஜாவும் எட்ட எட்ட நடந்துகொண்டிருந்தார்கள்.

"இது என்னா கணக்கு?" என்றார் பாய்.

"சமன்" என்றார் கிராணியார். பாயிடம் அவர் ஒரு தடவைகூட சமன் செய்ததில்லை.

சமனானால் என்ன என்று யாரும் பேசி வைக்கவில்லை. பாய் ஜெயித்தால் கடை. மோப்பம் ஜெயித்தால் மெஸ். சமனுக்கு ஒன்றும் இல்லை. கடையில் சத்தம் கிளம்பியது. தோற்கவில்லையே, எங்களுக்குத்தான் என்றோம் நாங்கள். ஜெயிக்கவில்லையே, பாய் திரும்பவும் கேட்கலாம் என்றது கடைக் கூட்டம்.

பாய் எழுந்து சலாம் சொல்லிக் கை நீட்டினார். மோப்பம் அந்தக் கையைப் பிடித்தார். விடவில்லை. குனிந்து மோந்தார்.

"பாய், நேத்து பெருநாளு. இன்னிக்கு ஊருல எல்லார் கையும் நெய்ச்சோறு மணக்குது. ஒங்க கையில கடை ரொட்டி வாசனைதான் இருக்கு."

பாய் கையை உருவிக்கொண்டார்.

"கடைக்கு ஆள் வேணுமா, ஒங்களுக்குச் சோறு வேணுமா?"

பாய் தாடியைத் தடவினார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கடைக்குன்னு கேட்டாத்தான் மரியாதையா இருக்கும் நாகப்பட்டணத்தாரே. கடைச் சோறு விக்கிறதுக்கு. வீடு காரைக்கால்ல இருக்கு. இங்க யாருகிட்ட போயி எனக்குச் சோறு போடுன்னு கேக்கறது?"

"எங்கிட்ட கேளுங்க" என்றார் மோப்பம்.

அன்றிரவு மெஸ்ஸில் மோப்பம் ஏழு பேருக்குத் தட்டு வைத்தார்.

அதன் பின் பாய் தினமும் வந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்து எங்களோடு சாப்பிட்டார். சாப்பிட்டதும் பலகை விரியும். ஒரே ஆட்டம்தான். சிப்பாய்க்குச் சிப்பாய் மாற்றிக்கொள்வார்கள். சமனாகும். யார் ஜெயித்தது என்று கேட்டால் மோப்பத்துக்குக் கோபம் வரும். "நாளைக்கு என்ன மீனுன்னு கேளு" என்பார். இப்படியே சில வருடம் போனது. இருவரில் ஒருவரும் ஜெயிக்கவில்லை.

ரோடு முடிந்தது. எங்களுக்கு அடுத்த வேலை ஜொகூரின் மறுகோடியில், கோத்தா திங்கி பக்கம். லாரி வந்தது. மோப்பம் தன் சட்டி பானையெல்லாம் ஏற்றினார். தானும் ஏறி அதன் மேல் உட்கார்ந்தார். இஞ்சின் உறுமியது. அவர் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கினார்.

"நீங்க ஆறு பேரு இருக்கீங்க" என்றார். "பாய் தனியா சாப்பிடுவாரு."

ஒருவரும் தடுக்கவில்லை. அவருடைய சட்டிகளை நான் இறக்கிக் கொடுத்தேன். ஒன்றைத் திருப்பி என் கையிலேயே வைத்தார். மீன் சட்டி. "பழகின சட்டி. பாத்துக்க" என்றார்.

கோத்தா திங்கியில் முதல் நாள் நான்தான் மீன் குழம்பு வைத்தேன். ஆறு பேரும் சாப்பிட்டோம். யாரும் குறை சொல்லவில்லை. யாரும் இன்னொரு கரண்டி கேட்கவும் இல்லை. கிராணியார் கை கழுவி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"இஞ்ச சாப்பாடு இப்பிடி இருக்கெண்டு அவருக்கு எழுதிப் போடாதையும்" என்றார். "வந்திடுவார்."

நான் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.